ஜன்னலில் ஒரு பச்சை அட்டை

யாரம்பி, விக்டோரியா
14 மே 2020

அன்புள்ள மார்னி,

உன் கடிதம் பதினோரு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை என் கையில் தரவில்லை. வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, "எடுத்துக்கோங்க கவுன்சிலரம்மா, கடிக்காது" என்றார். இப்போது எல்லாரும் இப்படித்தான்.

உன் அப்பா நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனால் தனியாக இருக்கும் முதியவர்கள் மட்டும் நூற்றுப் பதினாலு பேர். அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கவுன்சிலில் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் என் திட்டம்தான் நிறைவேறியது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அட்டை. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் உதவி வேண்டும். ஏதாவது ஒன்று தெருப்பக்க ஜன்னலில் தொங்க வேண்டும். செவ்வாயும் சனியும் தொண்டர்கள் காரில் போய்ப் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொள்வார்கள். கதவைத் தட்டுவது கிடையாது. நம் ஊர்க்காரர்கள் ரோஷக்காரர்கள், மார்னி. உதவி என்பது வாசற்படிக்கு வெளியே நின்றுவிட வேண்டும் என்பது என் கட்சி. அப்போதுதான் அவர்கள் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்வார்கள்.

உன் அப்பாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவை இரண்டு விரல் அகலம் திறந்தார்.

"மிஸ்டர் பாஸ்கோ! நான் லின்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"அம்பத்தாறு வயசாச்சு உனக்கு, இன்னும் என்ன மிஸ்டர்? ஆல்வின்னு கூப்பிடேன்."

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவப்ப நீயே வெச்சுக்க."

"ரெண்டும் இருக்கணும். சட்டம்."

"எதுக்கு? செத்தப்புறம் எந்திரிச்சு வந்து மாட்டுறதுக்கா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். நான் வண்டியை எடுப்பதற்குள் பச்சை அட்டை ஜன்னலில் தொங்கியது.

அங்கே வெயில் எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
லின்


கிம்பர்லி, மேற்கு ஆஸ்திரேலியா
2 ஜூன் 2020

அன்பு லின்,

பாதிக் கடிதம் ஓட்டுக் கேட்கும் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதடி. அக்டோபரில்தானே தேர்தல்? ஆனாலும் இரண்டு தடவை படித்தேன், அப்பா பேசியது வரும் இடத்தை மட்டும் நாலு தடவை.

இந்த மாட்டுப் பண்ணையில் நான் முப்பது பேருக்குச் சமைக்கிறேன். மாடு பிடிக்கும் காலம். விடியுமுன் எழுந்தால் ராத்திரி பாத்திரம் கழுவும்வரை நிற்க நேரமில்லை. தபால் விமானம் வாரத்துக்கு ஒருமுறைதான். அப்பாவோடு போனில் பேசலாமென்றால், என் குரல் அவர் காதுக்குக் காற்றடிப்பது போலிருக்கிறதாம். "எழுதிப் போடு, படிச்சுக்கறேன்" என்று வைத்துவிடுகிறார்.

வந்துவிடலாமா என்று தினமும் நினைக்கிறேன். மாநில எல்லையை மூடிவிட்டார்கள். வெளியே போக விடுவார்கள், திரும்ப விடமாட்டார்கள். போனால் இந்த வேலை போச்சு. அம்பத்தாறு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அப்பாவும் வராதே என்றுதான் எழுதுகிறார். அவர் அப்படித்தான் எழுதுவார் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கவுன்சிலரிடம் அல்ல, உன்னிடம். எங்கள் தெருவை வேறு யாருக்கும் கொடுக்காதே, நீயே போ. அட்டையைப் பார்க்காதே, லின். அவரைப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்
மார்னி


யாரம்பி
21 ஜூலை 2020, செவ்வாய்

அன்புள்ள மார்னி,

அவசரமாக நாலு வரி. மெல்போர்னில் மறுபடி தொற்று ஏறிக்கொண்டிருக்கிறது. இங்கே கவுன்சிலில் கூட்டத்துக்கு மேல் கூட்டம்.

சொன்னபடி உங்கள் தெருவை நானே வைத்திருக்கிறேன். சனிக்கிழமையும் போனேன், இன்றும் போனேன். காலையில் ஒரே பனி. உன் அப்பா ஜன்னலோர நாற்காலியில், அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் கையசைத்தேன். அவரும் கையைத் தூக்கினார். முகம் தெளிவாக இருந்தது. நிம்மதியாக இரு.

உன்
லின்


கிம்பர்லி
3 ஆகஸ்ட் 2020

லின்,

21ஆம் தேதி நீ எழுதிய கடிதம் 31ஆம் தேதி விமானத்தில் வந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்பே போலீஸ்காரர் போன் செய்துவிட்டார். மளிகைக்காரப் பையன் வியாழக்கிழமை பெட்டியைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரொட்டியை மறந்துவிட்டானாம். மறுநாள் அதைக் கொண்டுவந்தபோது பெட்டி வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. அவன் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். தொற்று இல்லையாம். நாற்காலியிலேயே, 16ஆம் தேதி வியாழன் ராத்திரி என்கிறார். மிஞ்சினால் வெள்ளி காலை. அதற்குப் பிறகு இருக்க முடியாது என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நீ அன்றைக்கே போன் செய்து அழுதாய். நான்தான் உன்னைத் தேற்றினேன். இந்தக் கடிதத்தைப் பற்றி நீ மூச்சு விடவில்லை. அது என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

18ஆம் தேதி போனாய். 21ஆம் தேதி போனாய். கையசைத்தாய். அவரும் கையைத் தூக்கினார் என்று எழுதியிருக்கிறாய்.

தூக்கினாரா?

மார்னி


யாரம்பி
16 ஆகஸ்ட் 2020

அன்புள்ள மார்னி,

உன் கடிதம் வந்ததிலிருந்து எழுதிக் கிழிக்கிறேன். இதை மட்டும் கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

முதலில் அப்பாவின் அடக்கம். 7ஆம் தேதி, வெள்ளி. பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று விதி. பத்தாவது ஆளாக என் பெயரை எழுதியிருந்தார்கள். நான் கல்லறைவரை போனேன். காரைவிட்டு இறங்க முடியவில்லை. சாலையோரம் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கோதுமைக் கிடங்கில் அவரோடு வேலை செய்த இரண்டு பேர் பேசினார்கள். காற்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சவப்பெட்டி மேல் வயலில் பறித்த கனோலாப் பூ வைத்திருந்தார்கள். அந்த மஞ்சள் மட்டும் தெரிந்தது.

நீ கேட்டதற்குப் பதில்: தூக்கவில்லை.

அன்று நான் காரை நிறுத்தவே இல்லை. வேகத்தைக் குறைத்தேன். பச்சை அட்டை தெரிந்தது. அதற்குப் பின்னால் அவர் தலை, கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்து. பேப்பர் படிக்கிறார் என்று நினைத்தேன். கையசைத்துவிட்டுப் பட்டியலில் குறி போட்டேன். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சனிக்கிழமையும் இதேதான். அவர் திரும்பக் கையசைக்காதது எனக்கு உறைக்கவே இல்லை. சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதும்போது, நீ தூரத்தில் கிடந்து தவிக்கிறாயே, ஒரு வரி கூடச் சேர்த்தால் நிம்மதியாகத் தூங்குவாய் என்று தோன்றியது. கை தானாக எழுதிவிட்டது.

இன்னொன்றும் உனக்குச் சொல்லாமல் விட்டேன். திட்டம் போட்டபோது நம் ஊர் நர்ஸ் பெட்ரா என்னிடம் வந்தாள். "ராத்திரி அட்டையக் கழட்டி வெச்சிட்டு, காலைல மறுபடி மாட்டச் சொல்லு லின். தெனமும் ஒரு கை அதத் தொடணும். இல்லன்னா அது வெறும் அட்டை" என்றாள். நான் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "எண்பது வயசுக்காரங்களத் தெனமும் ஆஜர் சொல்லச் சொல்றியா? அவங்க என்ன ஸ்கூல் பிள்ளைங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். ஆனால் எட்டு நாள் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

மார்னி, இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் கையைத் தூக்கினார் என்று நான் எழுதியபோது அது பொய். இப்போது கண்ணை மூடினால் அவர் கையைத் தூக்குகிறார். மெதுவாக, நாற்காலிக் கையிலிருந்து. அந்தக் கம்பளிச் சட்டையின் கைமடிப்பு பிரிந்திருப்பதுகூடத் தெரிகிறது. நான் அதைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் தெரிகிறது. கடையில், கூட்டத்தில், பல் தேய்க்கும்போது. யாராவது தெருவில் எனக்குக் கையசைத்தால் பார்க்காதது போல் விலகிப் போய்விடுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

லின்


கிம்பர்லி
1 செப்டம்பர் 2020

லின்,

நீ சொன்னதை நம்புகிறேன்.

அப்பா எனக்காகச் சந்தா கட்டிய நம்மூர்ப் பத்திரிகை இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சென்ற மாத இதழில் உன் படம். அட்டைத் திட்டத்தைப் பக்கத்து வட்டாரங்களின் ஷையர் கவுன்சில்கள் இரண்டு எடுத்துக்கொள்ளப் போகின்றனவாம். "இந்தத் தொற்றுக்கு எங்கள் ஷையர் ஒருவரைக்கூட இழக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறாய்.

பொய் இல்லை. அப்பா தொற்றில் சாகவில்லை.

எனக்கு எழுதியதை அவர்களுக்குச் சொல். அதற்குமேல் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

நானும் இங்கே நன்றாகத் தூங்கவில்லை. அப்போதே கிளம்பி வந்திருந்தால் வேலைதானே போயிருக்கும்.

மார்னி


யாரம்பி
17 செப்டம்பர் 2020

அன்புள்ள மார்னி,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூட்டம். இப்போதெல்லாம் கணினித் திரையில்தான் நடக்கிறது. ஊரே வீட்டிலிருந்து பார்க்கலாம். பக்கத்து ஷையர்க்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் திட்டத்தை விளக்க எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் உன் அப்பா பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். இறந்தவருக்குக் கையசைத்துவிட்டு நலம் என்று குறித்தேன், இரண்டு தடவை, என்றேன். உனக்குப் பொய் எழுதினேன் என்றும் சொன்னேன்.

மேயர் குறுக்கிட்டார். "லின், வக்கீலக் கேட்டுட்டுப் பேசலாமே? ஒலிய நிறுத்திடட்டுமா?"

"நிறுத்துனா தெருவுல நின்னு சொல்லுவேன்" என்றேன்.

திரையில் ஏழு சதுரம், ஏழு முகம், ஒன்றும் அசையவில்லை. யாராவது அசையுங்களேன் என்று கத்தத் தோன்றியது. கூட்டத்துக்கு அழைத்திருந்த பெட்ராதான் பேசினாள். பழசைச் சொல்லிக்காட்டவில்லை. "இனிமே கதவத் தட்டுவோம். தட்டிட்டு நாலடி பின்னால நிப்போம். உள்ளேருந்து குரல் வர்ற வரைக்கும் நகர மாட்டோம்" என்றாள். அதுவே தீர்மானமாகிவிட்டது. மற்ற இரண்டு ஷையர்களும் அட்டையை விட்டுவிட்டார்கள்.

தேர்தலில் நான் நிற்கவில்லை. மனுவைக் கொடுக்கவே இல்லை. உதவி வாசற்படிக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எத்தனை மேடையில் பேசியிருப்பேன். ரோஷம் அவர்களுக்கு என்று நினைத்தேன். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம் எனக்குத்தான் இருந்திருக்கிறது.

சாதாரணத் தொண்டராகச் சேர்த்துக்கொள் என்று, இப்போது தொண்டர்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெட்ராவிடம் கேட்டேன். உங்கள் தெருவைத்தான் கொடுத்தாள். எதிர்வீட்டு ஐடா லாக்கெட் தினமும் திட்டுகிறாள். "உயிரோடத்தான்டி இருக்கேன்! போய்த் தொலை!" அந்தத் திட்டு கேட்ட பிறகுதான் எனக்குக் கால் நகர்கிறது.

பதில் போடுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. போட்டால் சந்தோஷப்படுவேன்.

உன்
லின்


யாரம்பி
8 நவம்பர் 2020

அன்புள்ள மார்னி,

சென்ற கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறேன். வேறொன்றுமில்லை.

லின்


கிம்பர்லி
20 டிசம்பர் 2020

லின்,

எல்லை திறந்ததும் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் இருந்தேன். வாடகைக் காரைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டுத் திரைச்சீலைகளை மூடி வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பாவின் சட்டைகளை மடித்தேன், பெட்டி கட்டினேன், அழுதேன். வீட்டை மெல்போர்னிலிருந்து வரும் ஒரு தம்பதிக்கு விற்றாயிற்று.

இரண்டாம் நாள் காலை நீ வந்தாய்.

திரைச்சீலை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இளைத்துவிட்டாய். ஐடா வீட்டுக் கதவைத் தட்டினாய், திட்டு வாங்கினாய். அடுத்த வீட்டுக்குப் போனாய். ஊரில் தொற்றும் இல்லை, தடையும் இல்லை, இன்னும் ஏன் தட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் சாலையைக் கடந்து எங்கள் கேட்டைத் திறந்தாய். தண்ணீர் விடத்தான் வருகிறாய் என்று நினைத்தேன்.

நீ கதவைத் தட்டினாய்.

"மிஸ்டர் பாஸ்கோ! நான் லின்!" காது கேளாதவரிடம் கத்துவது போல, அவ்வளவு சத்தமாக.

நாலடி பின்னால் போய் நின்றாய். வெயில் முகத்தில் அடித்தது. நீ நகரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். எதிர்வீட்டிலிருந்து ஐடா, "வா லின், போதும், வா" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்தில், நீ அங்கே நிற்பது அன்று முதல் தடவை இல்லை என்று புரிந்தது.

நான் கதவுக்கு உள்பக்கம் வந்து நின்றேன். தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தால் நீ என்ன ஆகியிருப்பாய் என்று பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்தை உனக்குக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. கதவையும் திறக்கவில்லை, குரலும் கொடுக்கவில்லை. நீ ஏதோ மெதுவாகச் சொன்னாய், ஐடாவுக்கும் கேட்டிருக்காது. எனக்கும் கேட்கவில்லை. பிறகு போய்விட்டாய்.

பிப்ரவரியில் அந்தத் தம்பதி குடிவருகிறார்கள். அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அந்தக் கதவை இனித் தட்டாதே. அப்பா அங்கே இல்லை, லின். பெட்ராவிடம் சொல்லி வேறு தெரு வாங்கிக்கொள்.

இனி எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைக் கண்டால் கவரைத் திறக்க எனக்கு நாலு நாள் ஆகிறது. உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்றும் தெரியவில்லை. தீர்ந்தால் நானே எழுதுவேன். அப்போது மட்டும் பதில் போடு.

மார்னி