அவசரம் லேது

அடியே,

நம்ம பம்பாய் அழகிப் போட்டி மறுபடியும் கை மாறிவிட்டதாம். திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலில் போட்டிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள், இனிமேல் புதுக் கம்பெனிதான் நடத்தும் என்று இன்றைய பேப்பரில் போட்டிருக்கிறது. நீ இருந்திருந்தால் விடிந்ததும் போன் வந்திருக்கும். "பாத்தியாடி, கிரீடம் அதேதான், வெக்கிற கைதான் வேற" என்று ஆரம்பித்தால் என் காபி ஆறிப் போகிறவரை விடமாட்டாய். போன் வராததால் நானே எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசனையோடு, நீ என்னிடம் கொடுத்து வைத்த உன் சாட்டின் பட்டை கிடந்தது.

அழகி என்று ஊருக்குத் தெரியப்படுத்த, தோளில் குறுக்காக மாட்டிவிடுவார்களே, அந்தப் பட்டை. ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து, திருப்பினால் தெலுங்கு. தெலுங்கு எழுத்து நான் தைத்தது. அதனால்தான் இன்னும் பிரியாமல் இருக்கிறது என்று உன்னிடம் பீற்றிக்கொள்வேன், நினைவிருக்கிறதா?

சித்தூரில் அழகிப் போட்டியை முதலில் நடத்தியவர்கள் மெட்ராஸ் ராஜ்யத்து ஆபீசர்கள் கிளப்காரர்கள். பம்பாயில் நடக்கிற அகில இந்தியப் போட்டிக்கு இங்கிருந்து ஒருத்தியை அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் போய்ச் சேர்ந்ததாக நமக்குத் தெரியாது. பெரிய ஆபீசர் வீட்டுப் பெண்கள் இங்கிலீஷில் பேசி, இங்கிலீஷில் சிரித்து, பரிசை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சித்தூர் அதில் சேர்ந்ததும், ஆபீசர்கள் மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற போக்கில் கிரீடத்தையும் எடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் ஜவுளிக்காரர்கள் கொஞ்ச நாள் நடத்திப் பார்த்துக் கைவிட்டார்கள். கடைசியில் ஒரு தெலுங்குக் கலா சங்கத்தின் கைக்கு வந்தது. கைத்தறிப் புடவைதான் கட்ட வேண்டும், தெலுங்கில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். சட்டம் புதிது, பட்டை பழையது. அதைத் திருப்பித் தெலுங்கில் தைத்துத் தரும்படி, நம் ஊர் புத்தூரில் நான் படித்த தையல் வகுப்பில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கிலீஷைப் பிரித்தால் துணி போய்விடும் என்று நான் அதைத் தொடவில்லை.

ஆபீசர் பெண்கள் போன பிறகு மேடையேற ஆள் வேண்டுமே. சங்கத்தார் புத்தூர் பள்ளிக்கூடத்தில் வந்து கேட்க, பெரிய டீச்சர் உன் பெயரைச் சொல்லிவிட்டார். நீ அப்போது பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாய். உனக்கு ஒரே ஆசை, திருப்பதியில் டீச்சர் ட்ரெய்னிங் சேர வேண்டும். உன் நைனாவுக்கும் ஒரே ஆசை, திருத்தணிப் பக்கத்துச் சம்பந்தம் கைநழுவக் கூடாது. கல்யாணம் ஆகிவிட்டால் ட்ரெய்னிங் கிடையாது. அதைப் பற்றிப் பேசக்கூட யாரும் தயாராக இல்லை.

"தெலுங்குல பேசி பரிசு வாங்கினவள்னு சொன்னா, தமிழ்ல படிச்சவளா இருந்தாலும் சீட்டு தருவாங்கடி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாய். நைனாவின் கணக்கு வேறு.

"கைத்தறிப் பொடவை கட்டிக்கினு நிக்கறது தானே? மாப்ள வூட்டுக்காரங்களும் அங்கியே வந்து பாத்துட்டு போவட்டும். வூட்ல பஜ்ஜி சொஜ்ஜி போடற வேலை மிச்சம்" என்றார். பெண் பார்க்கும் சடங்கை அழகிப் போட்டியில் வைத்து முடித்த ஒரே மனிதர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார்.

சித்தூர் பொருட்காட்சி மைதானத்தில் பந்தல். முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, மாப்பிள்ளை. அவர்களுக்குப் பக்கத்தில் நைனாவும் நானும். மேடையில் எல்லாரும் அன்னநடை நடந்தார்கள். நீ மட்டும் கழனிக்குக் கஞ்சி எடுத்துப் போகிற வேகத்தில் விறுவிறுவென்று போய்த் திரும்பினாய். போச்சு, பரிசு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கேள்வி. நடுவராக வந்திருந்த டாக்டரம்மா மைக்கைப் பிடித்து உன்னைக் கேட்டார்: "ஆடபில்லக்கி பெள்ளி அவசரமா?"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பெண்ணுக்குக் கல்யாணம் தேவைதானா என்று அந்த அம்மாள் கேட்கிறார். தமிழில் அவசரம் என்றால் அவசரம்தான். நீ டாக்டரம்மாவைப் பார்த்தாய். முன்வரிசையைப் பார்த்தாய். பிறகு நிதானமாகச் சொன்னாய்.

"அவசரம் லேதண்டி."

கல்யாணம் தேவையில்லை என்று ஒரு கிராமத்துப் பெண் மைக்கில் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டாக்டரம்மா எழுந்து நின்று கை தட்டினார். அவர் தட்டியதால் அவர்களும் தட்டினார்கள், பிறகு பந்தலே தட்டியது. நான் மாப்பிள்ளை வீட்டாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் எழுந்து போய்விட்டால் நைனா உன்னைத் திருப்பதிப் பக்கமே தலைவைத்துப் படுக்க விடமாட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா அரைகுறைத் தெலுங்கு தெரிந்த கணவர் பக்கம் சாய்ந்து, "பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு அவசரம் இல்லன்னுது."

"அடக்கமான பொண்ணு. நமக்கு மட்டும் இன்னா அவசரம்? மொதல்ல இவன் தங்கச்சிக்கு முடிப்போம். ரெண்டு வருசம் போவட்டுமே" என்றார் அந்த அம்மாள், மனசு குளிர்ந்து.

நைனாவுக்கு இரண்டு பாஷையும் தண்ணிபட்ட பாடு. வேர்க்கடலை வியாபாரத்தில் தெலுங்கிலேயே சண்டை போடுகிறவர். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சம்பந்தியம்மாள் உன்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டதும் மூடிக்கொண்டார். ரேணிகுண்டா ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த மாப்பிள்ளை மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பரிசு உனக்குத்தான். ஜிகினாக் காகிதம் ஒட்டிய அட்டைக் கிரீடம். நீ குனிந்து கும்பிட்டபோது பட்டை புரண்டு இங்கிலீஷ் முன்னால் வந்துவிட, சங்கத்துக்காரர் ஒருவர் மேடையில் பாய்ந்து வந்து திருப்பிவிட்டார். நீ மறுபடி கும்பிட்டாய், அது மறுபடி புரண்டது.

திரும்பி வரும்போது பஸ் சந்திரகிரி தாண்டியது. நைனா மெல்லக் கேட்டார்.

"இன்னாம்மா அப்டி சொல்லிட்ட?"

"அவசரம் இல்லன்னு தானே சொன்னேன் நைனா."

"எந்த பாஷையில?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். திருப்பதியில் வேறு பஸ் பிடித்து வடமாலபேட்டை வந்தபோது, நைனா தானாகச் சிரிக்க ஆரம்பித்தார். "அவுங்களே ரெண்டு வருசம் ஆவட்டும்னு சொல்லிட்டாங்க. அது வரைக்கும் வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற? போய் சேந்துக்கோ" என்றார். நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அந்த மாதிரி சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு யார் முகத்திலும் பார்க்கவில்லை.

ட்ரெய்னிங் முடித்தாய். அதே மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாய். "எனக்கு அன்னிக்கு தெலுங்குலதான் கேட்டுது. இப்பவாச்சும் தேவையான்னு சொல்லு, அப்பறம் கட்டறேன்" என்று அவர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும், ஐயர் முழித்ததும் கண்ணிலேயே நிற்கின்றன. அப்புறம் எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி மெட்ராஸோடு போனது, நம் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. "புருசன் வூடு ஒரு ராஜ்யம், பள்ளிக்கூடம் ஒரு ராஜ்யம். மருமவ ரெண்டையும் கட்டிக்கினு ஆளுது" என்று உன் மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசினார். அந்த அம்மாளுக்குக் கடைசிவரை நீ தமிழில்தான் பதில் சொன்னாய் என்று நம்பிக்கை.

சித்தூர்ப் போட்டி அதோடு நின்றது. கலா சங்கமும் கலைந்தது. நாம்தான் பம்பாய்ப் போட்டியை விடாமல் துரத்தினோம். நடுவில் நடத்த ஆளில்லாமல் கிடந்தது, பெண்கள் பத்திரிகை ஒன்று எடுத்துக்கொண்டது, அப்புறம் வேறு பத்திரிகை, அப்புறம் டிவி. ஒவ்வொரு தடவையும் சட்டம் மாறும், நீ தீர்ப்புச் சொல்வாய். தெலுங்குப் பேப்பரில் 'பிரபஞ்ச சுந்தரி' என்றால் உலக அழகி, என் தமிழ்ப் பேப்பரில் பிரபஞ்ச அழகி வேறொருத்தி. இரண்டு பட்டமும் நம் நாட்டுக்கே வந்த வருஷம், யார் எதில் ஜெயித்தாள் என்று நாம் போட்ட சண்டையில் உன் வீட்டுக்காரர் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. "கெளம்பறேண்டி, அவசரம்" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "எந்த பாஷையில?" என்றாய். நைனாவின் கேள்வியை ஆயுசு முழுக்க என்னிடம் கேட்டவள் நீ. அன்றைக்கு நானும் விடவில்லை.

"நீ சொல்லு மொதல்ல. அன்னிக்கு மேடையில எந்த பாஷையில சொன்ன?"

யோசித்தாய். கண்ணில் அதே குறும்பு.

"கேக்கறவங்க பாஷையில."

நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். நான் அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். நல்ல வேளை விட்டேன்.

பட்டையை மறுபடி மடித்து வைத்துவிட்டேன். எழுத்து ஒன்றும் பிரியவில்லை. காபி, நீ போன் பண்ணாமலே ஆறிப் போயிருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வருவேன், எங்கே போய்விடப் போகிறேன். எந்தப் பாஷையில் என்று கேட்பாயே, சொல்லிவிடுகிறேன். தமிழில் அவசரம் இல்லை. தெலுங்கில் அவசரம்தான்.