தற்காலிகம் என்று பெயரிட்ட ஃபோல்டர்

மே 6
காலை எட்டு மணிக்கு வழக்கமான மின்னஞ்சல்: பேக்கப் வெற்றி. எனக்குத் தவறாமல் கடிதம் போடும் ஒரே ஜீவன் இந்த மென்பொருள்தான். போன வாரம் என் பிறந்தநாளன்றும் இது மட்டும்தான் எழுதியது.

இந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட்டுகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் என் பொறுப்பு. முப்பது கோடி ஃபைல்கள். எது புதிது, எது மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து இன்னொரு நகல் எடுத்து வைக்கவே பேக்கப்புக்குப் பதினெட்டு மணி நேரம் பிடிக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இப்படி ஒருத்தி இருப்பது யாருக்கும் தெரியாது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

மே 10
அக்கா போன் செய்தாள். நான்கு நிமிடம்.

மே 19
ஃபைல்கள் இருக்கும் சர்வரில் ஒரே அடுக்கில் மூன்று டிஸ்க் போய்விட்டது. ஒன்றை மாற்றிப் புது டிஸ்க் நிரம்புவதற்குள் இன்னொன்று, மதியம் மூன்றாவது. இரண்டு போனால் தாங்கும். மூன்று என்றால் அடுக்கே போனது போலத்தான். பயப்படாதீர்கள், பேக்கப் இருக்கிறது என்று எல்லாரிடமும் தெம்பாகச் சொன்னேன். இன்று மட்டும் பன்னிரண்டு பேர் என்னைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மே 28
எட்டு நாள் மீட்பு வேலை நேற்று முடிந்தது. இன்று பேச்சுப் பயிற்சியாளர் வந்தார். குரல்வளையை எடுக்கப்போகும் நோயாளிகளை முன்கூட்டியே இரண்டு மணி நேரம் பேசவைத்துப் பதிவு செய்பவர். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் எழுதுவதையெல்லாம் அவர்கள் குரலிலேயே பேசும் மென்பொருளை அந்தப் பதிவிலிருந்துதான் தயாரிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வேலை முடிந்துவிட்டதாம். ஒரு பஸ் கண்டக்டருடைய பதிவு மட்டும் காணவில்லை. அவருக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். சர்வரில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று ரெக்கார்டரிலிருந்து பயிற்சியாளரே அழித்துவிட்டாராம்.

"மெதுவா எடுத்துக் குடுங்க மேடம், அவசரமில்ல" என்றார்.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். 'தற்காலிகம்' என்ற ஃபோல்டரில்.

அவர் போனதும் பேக்கப் மென்பொருளைத் திறந்து பார்த்தேன்.

அதே நாள், மாலை
நான்தான். வேறு யாருமில்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் பேக்கப் முடிவதற்குள் மறுநாளுடையது தொடங்கி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. தற்காலிகம் என்று பெயருள்ள ஃபோல்டர்களை எல்லாம் விட்டுவிடும்படி மென்பொருளில் ஒரு வரி எழுதினேன். இருபத்தாறு மணி நேரம் பதினெட்டாகக் குறைந்தது. மேலாளர் பாராட்டினார். உள்ளே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேனா? துறை துறையாக நடந்து போய்ப் பேசியிருக்க வேண்டும். எனக்கு ஆட்களைவிட அந்த ஒரு வரி சுலபமாக இருந்தது. மென்பொருள் பொய் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னதை எடுத்தது. வெற்றி என்று எழுதியது.

அந்த மனுஷனால இனிமே பேசிப் பதிவு பண்ண முடியாது. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்—

ஜூன் 9
பழுதான டிஸ்க்குகளை வெளியே அனுப்பியிருந்தோம். எதுவும் தேறாது என்று பதில் வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டில் என்ன சொல்வது என்று மேலாளரைக் கேட்டேன்.

"டிஸ்க் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது பொய் இல்லையே."

பொய் இல்லைதான்.

ஜூன் 12
பயிற்சியாளரோடு கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, சின்னக் கூடம். கழுத்தில் துணி கட்டியிருந்தார். மடியில் ஒரு சிலேட்டு. அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். டிஸ்க்கைப் பற்றி அப்புறம்தான் சொன்னேன்.

'எல்லாமே போச்சா?' என்று எழுதிக் காட்டினார். ஆமாம் என்றேன். துடைத்தார். சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அவர் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றிருந்தார். அந்த அம்மாவின் போனில் கணவர் குரல் ஏதாவது இருக்கிறதா என்று பயிற்சியாளர் கேட்டார். இருக்கிறதாம். அவ்வப்போது அனுப்பிய குரல் செய்திகள், இருநூறுக்கு மேல். ஆனால் தரமாட்டார்.

"உங்க கையில ஒரு தடவ குடுத்தது போதும்."

எந்த முகத்தோடு வற்புறுத்துவது? எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் என் போனை எடுத்துப் பார்த்தேன். குரல் செய்தி ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடம் தனியாக இருந்தும் அது இப்படிச் சுட்டதில்லை.

ஜூன் 14
அக்காவிடம் சொல்ல ஆரம்பித்தேன். பேக்கப் என்றால் என்னடி என்றாள். விட்டுவிட்டேன்.

ஜூன் 16
அந்த வரியை எடுத்துவிட்டேன். பேக்கப் முடிய முப்பது மணி நேரம். ஆகட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடட்டும்.

ஜூன் 24
கண்டக்டரின் மனைவி என் அறைக்கே வந்துவிட்டார். வழி விசாரித்து, மூன்று மாடி ஏறி. போனைக் கேபிளில் மாட்டிய பிறகும் கையிலிருந்து விடவில்லை. பயிற்சியாளர் வந்து குரல் செய்திகளை ஓடவிட்டுக் கேட்டார். அரைமணி நேரம் தேறும், கொஞ்சம் கரகரப்பாக வரும், ஆனால் அவர் குரலாகத்தான் இருக்கும் என்றார்.

நகலெடுத்து மூன்று இடத்தில் வைத்தேன். பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்காமல்.

"முன்னாடி பதிவு பண்ணப்பவும் பத்திரமா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஒண்ண அழிச்சுட்டுத் திருப்பி எடுத்துக் காட்டுங்க."

பதினேழு வருடத்தில் இதை என்னிடம் கேட்ட முதல் ஆள். அவர் பார்க்கவே ஒரு பிரதியை அழித்தேன். இன்னோரிடத்திலிருந்து எடுத்து ஓடவிட்டேன். கண்டக்டரின் குரல்:

"வண்டி லேட்டு. நீ சாப்பிட்டுப் படு. கதவ மட்டும் பூட்டிடாத."

அந்த அம்மா மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிளம்பும்போது சேலைத் தலைப்பால் போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கும் வருவேன். இருக்கான்னு பாக்கணும்."

வாங்க என்றேன்.

ஜூன் 25
வந்தார். இருந்தது.