கடன் கொடுத்தவரைத் துரத்திப் பிடித்தது

ஆம்பூர், 1931 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

இன்று கடைத்தெருவில் ரஹீம் பாயை ஓடிப்போய்ப் பிடித்தேன். என் மனைவி ராஜம்மாவின் பிரசவம் சிக்கலானபோது, சீட்டு எதுவும் எழுதி வாங்காமல் நாற்பது ரூபாய் கொடுத்தவர். தோல் விலை விழுந்ததிலிருந்து எனக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கடனில் பாதிகூடத் தீரவில்லை. கொஞ்ச நாளாக என்னைக் கண்டாலே பாய் சந்துக்குள் புகுந்துவிடுகிறார். கோபம் என்றே நினைத்திருந்தேன்.

"கடன் வாங்கினவன் நானு. ஓடுறது நீங்களா, பாய்?" என்றேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "என்னப் பாத்தா நீ தலையக் குனிஞ்சிக்கிற. அது எனக்குப் பேஜாரா இருக்குப்பா."

அவருடைய தோல் மண்டியும் மூடித்தான் கிடக்கிறது. மகளின் நிக்காஹ் தள்ளிப் போய்விட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, ஊர்தான் சொல்கிறது.

"வாரம் எட்டணா தர்றேன் பாய். இப்ப அதுக்கு மேல முடியாது" என்று நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். "இவ்ளோ நாளா எங்க போய்ட்டீங்க அண்ணே?" என்று சண்டை போட்டுக்கொண்டே ராஜம்மா சோறு போட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, குழம்பைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் பாய்.

அவர் போனபின் ராஜம்மாவைச் சாப்பிடச் சொன்னேன். "அப்பவே ஆச்சு" என்றாள். காலிப் பானையை நான் பார்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. பிள்ளையை அணைத்தபடி தூங்குகிறாள், முகத்தில் இன்னும் சிரிப்பு இருக்கிறது.