குடில் பெட்டிக்குள் சோற்று உருண்டை

மாதா துணை
கள்ளிக்குப்பம்

அன்பு மகன் ஜோசுக்கு அப்பா ராயப்பன் எழுதிக்கொள்வது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறோம். இங்கே உன் அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மருமகள் பெனிஷா ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறாள். பேரன் லிபின் எப்படி இருக்கிறான் என்று சொல்லத்தான் இத்தனை காலம் கழித்துப் பேனாவைத் தொட்டிருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், பிள்ளையும் பக்கத்திலேயே நிற்பான், தவிரவும் அந்தப் போனைப் பார்த்தாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. எதிர்வீட்டு லோகநாதன் லீவு முடிந்து நீ இருக்கும் தமாமுக்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நம் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டது தோண்டியபடியே கிடக்கிறது, ஒரு மழை பெய்தால் ஆட்டோ உள்ளே வருவதில்லை. அதனால் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியபோது எல்லாரும் தெருவைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். ஜன்னலைச் சாத்தினோம், பினாயில் ஊற்றினோம், நாற்றம் கூடியதே தவிரக் குறையவில்லை. எலி செத்துக் கிடக்கும் என்றாள் உன் அம்மா. பீரோவை நகர்த்தினேன், கட்டிலைத் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு சரசா வாசற்படி ஏறாமலே மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னாண்ணா உங்கூட்ல இப்டி நாறுது என்று கேட்டுவிட்டுப் போனாள், மானம் போய்விட்டது. கடைசியில் போன சனிக்கிழமை, நாம் செபம் சொல்லும் மாதா பீடத்துக்குக் கீழே இருக்கும் குடில் பெட்டியை வெளியே இழுத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வைக்கோலையும் பொம்மைகளையும் போட்டு மூடி வைப்போமே, அந்த அட்டைப்பெட்டிதான். மூடியைத் தூக்கினேன். சீ, எழுதும்போதே தொண்டைக்கு வருகிறது. மென்ற சோறு. உருண்டை உருண்டையாகப் பச்சை பூத்து, நூல் விட்டு, முட்டைத் துண்டெல்லாம் கறுத்துப் புழு நெளிய, ஒட்டகப் பொம்மையின் முதுகில் கரப்பான் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தேன். பொம்மைகளை எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறோம், சூசையப்பர் மேல் அடிக்கிற வாடை இன்னும் போகவில்லை.

இதை வைத்தது உன் பிள்ளை. எப்படி என்று கேள். தினமும் ராத்திரி ஏழரை மணிக்கு நீ வீடியோவில் வருகிறாய், தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு பெனிஷா ஊட்டுகிறாள், நீ அங்கிருந்து சூப்பர், வெரி குட், என் சிங்கக்குட்டி என்று ஒவ்வொரு வாய்க்கும் கை தட்டுகிறாய். நீ தட்டினால் போதாதென்று எங்களையும் தட்டச் சொன்னாய். பேருந்தில் கண்டக்டராக அத்தனை வருஷம் விசிலடித்துவிட்டு வந்த மனுஷன், பேரன் ஒரு வாய்ப் பருப்புச் சோறு வாங்கினதற்கு உன் அம்மாவோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தூ. தட்டு காலியானால் ஒன்று என்று பிரிட்ஜ் கதவு முழுக்க நட்சத்திர ஸ்டிக்கர் வேறு. தட்டு காலியானதும் நீ போனை வைப்பாய், உடனே நாங்கள் செபத்துக்கு முட்டி போடுவோம். லிபின் பீடத்துக்குப் பக்கத்திலேயே போய்க் கை கூப்பி நிற்பான், செபமாலை முடியும்வரை வாயைத் திறக்கமாட்டான். உன் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் பேரன் ஒரு சத்தம் போடமாட்டான், நிச்சயம் சாமியாராத்தான் போவான் என்று சரசாவிடம் சொல்லி, பங்கு சாமியாரிடமும் சொல்லிவிட்டாள். கடைசி வாய்களை விழுங்காமல் கன்னம் நிறைய அடக்கிக்கொண்டு நிற்கிறவன் எங்கே சத்தம் போடுவான். கடைசியில் நாங்கள் கண்ணை மூடிக் கும்பிடும் நேரம் பார்த்து குடில் பெட்டிக்குள் துப்பியிருக்கிறான்.

நான் அடிக்கவில்லை, பயப்படாதே. மடியில் உட்காரவைத்து ஏன்டா கண்ணு என்று கேட்டேன். அவன் என்னைத்தான் முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அப்பா போன வெச்சிட்டாரு இல்ல தாத்தா, அப்பால இன்னாத்துக்கு முழுங்கணும் என்றான். நாலு வயசுப் பிள்ளை, ஜோஸ். சோறு தன் வயிற்றுக்கு என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நீ பார்ப்பதற்காக வாய் திறக்க வேண்டும், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அடிக்காதே, மிரட்டாதே, பூச்சாண்டி காட்டாதே, இது பாசிட்டிவ் பேரன்டிங் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இப்போதும் அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீ செய்ததில் பிள்ளை வளர்ப்பு எங்கே இருக்கிறது, அது குரங்காட்டம். இதில் பிள்ளை இளைத்துப் போனதற்குப் பழி மட்டும் பெனிஷா தலையில். வேலைக்குப் போகிறதால்தான் புள்ள தேயறான், மாசக் கடைசியோட நின்னுடு என்று நீ சொன்னாயாம். அவள் வேலையை விடுகிறேன் என்று எழுதி, அழுதுகொண்டே பைக்குள் வைத்திருந்தாள். நான் வாங்கிக் கிழித்துப் போட்டேன். தட்டு காலியாவதை அவள் தினம் உனக்குக் காட்டினாள், நீதான் பார்த்தாய். அவள் என்ன செய்வாள். உன் பேச்சைக் கேட்டு எனக்கு வெறுத்துப் போய்விட்டது. அம்பத்தூரில் குழந்தை டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். நோய் எதுவும் இல்லையாம், எடைதான் கொஞ்சம் குறைவாம். எப்ப வெக்கிறது, இன்னா வெக்கிறதுன்றது உங்க வேலை, எவ்ளோ துன்றதுன்றது அவன் வேலை, நடுவுல ஷோ காட்டாதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வாரம் முழுக்க நெட் இல்லை என்று உனக்குச் சொன்னதெல்லாம் பொய். ஒயரைப் பிடுங்கி வைத்தது நான்தான், பெனிஷாவைத் திட்டாதே. ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டேன். எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம், அவனுக்கும் ஒரு தட்டு வைத்தோம், யாரும் ஊட்டவில்லை, சாப்பிடு என்றும் சொல்லவில்லை. முதல் நாள் ஒரு வாய் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாராவது தட்டுவோமா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் புழுவைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை, அது அவன்மேல் வந்ததல்ல, நம் எல்லார்மேலும் வந்தது. அப்படியே துப்பிவிட்டு எழுந்து போனான், மறுநாளும் அதே கதை. உன் அம்மா பின்னாலேயே ஓடப் பார்த்தாள், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நேற்றுச் சாயங்காலம் விளையாடிவிட்டு வந்தவன் நேராக அடுப்பங்கரைக்குப் போய், மா பசிக்குது என்றான். இந்த வீட்டில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பெனிஷாவுக்குக் கை தட்டப் பரபரத்துவிட்டது, சட்டென்று புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று ரசம் சாதமும் அப்பளமும். அவனே பிசைந்து, பாதியைத் தரையில் சிந்தி, மீதியை விழுங்கினான். நடுவில் தலையைத் தூக்கி, தாத்தா, அப்பா துன்ட்டாரா என்று கேட்டான். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் பெனிஷாவைப் பார்த்தாள், மூன்று பேருக்கும் தெரியவில்லை. டூட்டி முடிந்து வந்த கையோடு போனைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன் எப்போது சாப்பிடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்களுக்கே சீ என்று ஆகிவிட்டது.

உன் வேலைக்கும் உடம்புக்கும் ஆரோக்கிய மாதா காவல் இருக்கட்டும், நல்ல புத்தியும் பொறுமையும் தரட்டும். பெனிஷா வேலைக்குப் போவாள், அந்தப் பேச்சை இனி எடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை ஒயரை மாட்டிவிடுகிறேன், வழக்கம்போல ஏழரைக்கு வா. வரும்போது உன் தட்டையும் எடுத்துக்கொண்டு வா. அவன் தட்டைப் பார்க்காதே, கை தட்டாதே, நீ பாட்டுக்குச் சாப்பிடு. பிள்ளைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன்மேல் கோபம் தீராத அப்பா
ம. ராயப்பன்