நியூட்ரலில் இறங்கிய ஜீப்

என் கோபத்தையெல்லாம் சிரித்தே தாங்கிக்கொண்ட உங்களுக்கு,

நேற்று எஸ்டேட்டிலிருந்து குரங்கணிக்கு இறங்கினேன். பாதை இன்னும் வெறும் சரளைக்கல்தான். என் இடுப்பு இப்போதெல்லாம் அந்தக் குலுக்கலைத் தாங்குவதில்லை. ஜீப்பின் பின்னால் ஏலக்காய் பறிக்கும் பெண்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். பெரிய வளைவு தாண்டியதும் சத்தம் நின்றது. டிரைவர் பாண்டி எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் விட்டிருந்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டில் நீங்கள் தொடங்கிய பழக்கம்.

"கியரைப் போடு!" என்று கத்தினேன்.

"பயந்துட்டீகளாம்மா? அய்யா பழக்கிவிட்டதுதேன்."

எனக்குக் கேட்காது என்று நினைத்து ஒருத்தி, "அம்மாவ எறக்கி விட்டுருண்ணே, மெதுவா நடந்து வரட்டும். நாம வெரசா வீடு போயிருவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அய்யா எப்படிப் போனார் தெரியுமா?" என்று பாண்டியைக் கேட்டேன்.

"தெரியாமயா? மெக்கானிக் ராசு பிரேக்கச் சரியாப் பாக்கல. போடி ஊருக்கே தெரியும்லம்மா."

போடிக்கு அதைச் சொன்னது யார்? நான்தான். அன்று சரிவில் கிடந்த ஜீப்பை நோக்கி முதலில் ஓடியவள் நான். சாவி அணைத்தபடி இருந்தது, கியர் நியூட்ரலில் இருந்தது; எஞ்சினின் பிடிப்பே இல்லாமல் இறக்கியிருக்கிறீர்கள். "பிரேக்கு போயிருச்சாம்மா?" என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று தலையசைத்தேன். உங்கள் தவறாலேயே போனீர்கள் என்று ஊர் பேச நான் விடுவேனா? கான்வென்டில் படித்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏழு வருடமாக எந்த எஸ்டேட் ஜீப்பும் ராசுவின் பட்டறைக்குப் போவதில்லை. அவர் சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டுகிறார்.

ஜீப்பை நிறுத்தச் சொல்லி, நடந்ததை அவர்களிடம் சொன்னேன். பாண்டி எஞ்சினைப் போட்டு, முதல் கியரிலேயே இறக்கினான்.

உங்களுக்கு வருத்தமா? உங்கள் மதிப்பைக் காப்பதாகத்தான் நினைத்தேன். காத்தது என் கர்வத்தையோ? யோசிக்கவும் தெம்பில்லை. களைத்துப் போய்விட்டேன்.

நாளைக் காலை, ஆட்கள் கூடி நிற்கும் நேரமாகப் பார்த்து ராசுவின் பட்டறைக்குப் போகிறேன். அவர் மன்னிப்பாரா, தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. தவறு யாருடையது என்று நாளை கேட்பார்கள். சொல்வேன். மறைத்தவள் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

உங்கள் மனைவி,
ராஜம்