எங்கள் வீட்டுப் பின்சுவர்

ஜவ்வாது மலை,
6-6-1982

அன்புள்ள அக்காவுக்கு அம்சவல்லி எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

நம் அடுப்புக்குப் பின்னால் சுவராக நிற்கிறதே பலகைக்கல், அது ஆதிகாலத்து மனிதர்களைப் புதைத்த இடமாம். அதைப் பாதுகாக்க சர்க்கார் பணம் ஒதுக்கிவிட்டது! வீட்டையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஊருக்கு வராத கரண்டு கல்லுக்கு வந்து, இரண்டு விளக்கும் நட்டாயிற்று. அப்பாதான் காவலர். மாதச் சம்பளம். அம்மா கேலி செய்கிறாள்: "உன் வூட்டுக்கு நீயே காவலா? நான் உள்ள வர சீட்டு வாங்கணுமா?"

ஒரு குறைதான். கல்மேல் இருக்கும் கூரையை அனுமதி இல்லாமல் தொடக்கூடாதாம். அது ஒழுகுகிறது. நீ பிரசவத்துக்கு வருவதற்குள் சரிசெய்ய அப்பா மனு கொடுத்திருக்கிறார்.

அன்புத் தங்கை,
அம்சவல்லி


புதூர்நாடு,
20-6-1982

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அத்தை தினமும் கேட்கிறார்: "உங்கப்பன் கவர்மெண்டு ஆளாய்ட்டான், பொண்ண இட்டுனு போவ மட்டும் ஆள் வரலியா?" தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். உன் மாமா தன் அம்மா பேச்சைத் தட்டமாட்டார். எனக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. கூரை ஒழுகட்டும், நனைந்துகொண்டே படுத்துக்கொள்கிறேன். ஆடிக்கு முன்னால் அப்பாவை அனுப்பி வை.

செந்தாமரை


ஜவ்வாது மலை,
11-7-1982

அன்புள்ள அக்காவுக்கு,

மனுவுக்குப் பதிலாக ஆபீசரே இன்று ஆட்களோடு வந்தார். கல்லின்மேல் பாரம் இருக்கக்கூடாதாம். கூரையைப் பிரிக்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

அம்மா கேட்டாள்: "புள்ளத்தாச்சி வர்றா சாமி, எங்க படுப்பா?"

"சடையன் நம்ம ஆளும்மா, அவருக்குத் தெரியும்" என்றார் ஆபீசர், அப்பாவைக் காட்டி.

அப்பா காக்கிச் சட்டையோடு ஏறி, தன் கையாலேயே மூங்கில்களை இறக்கினார். இறங்கியதும், "வேலய வுட்டுர்றேன்" என்றார்.

"வுட்டா இன்னா, வூடு திரும்ப வந்துருமா? கஞ்சிக்கு இன்னா பண்ணுவ?" என்று அம்மாதான் தடுத்தாள்.

நாங்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இருக்கிறோம். காலையில் பிள்ளைகள் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும். "வர வேணாம்னு எழுது" என்று அம்மா சொன்னாள். நான் எழுதத் தொடங்கியதும், "அப்பிடி எழுதாதடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உண்மை அதுதான் அக்கா. வராதே. நீ அங்கே எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கல்லில் இருந்த அடுப்புக்கரியைத் தேய்த்துக் கழுவி, விளக்குப் போட்டுப் படம் பிடித்தார்கள். பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. படம் பிடித்து முடிந்ததும் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

அம்சவல்லி