இரண்டும் இடக்கை

மார்ச் 4, செவ்வாய்

மழை. மதியம் வரை பட்டன் தைத்தேன். வெள்ளிக்கிழமை ஆடைக் கம்பெனியில் துணி வெட்டும் வேலைக்குத் தேர்வு. மகாராணியிடம் இன்னும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத் தோழி, ஒரே தையல் கடை, ஒரே அறை. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை தயக்கம்?

மார்ச் 5, புதன்

காலையில் சொல்லிவிட்டேன். மிஷினிலிருந்து காலை எடுக்காமலே சிரித்தாள். "நீயா? போயிட்டு வா, பாப்போம்."

சாயங்காலம் வக்கீலம்மா கோட்டு வாங்க வந்தார். அவர் எதிரிலேயே மகாராணி கோட்டில் இன்னும் பொருத்தாத கைகளை எடுத்து மேசையில் போட்டாள். இரண்டும் இடக்கை! துணியைத் திருப்பிப் போடாமல் வெட்டினால் இப்படித்தான் ஆகும். கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

"இவ வெட்டினதும்மா. இந்த லட்சணத்துல பரீட்சை வேற எழுதப் போறாளாம். நான் இல்லேன்னா இவளை யாரு வச்சுப்பா?"

வக்கீலம்மா என்னைப் பார்க்காமல் கைப்பையை மூடினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்போதும் கேட்பது நான்தான்.

திங்கட்கிழமை கோட்டின் முன்பக்கமும் முதுகும் வெட்டியது ஞாபகம் இருக்கிறது. கை வெட்டியது ஞாபகமே இல்லை. அன்று காய்ச்சல் வேறு. நான்தான் வெட்டியிருப்பேன். வேறு யார்?

மார்ச் 6, வியாழன்

தேர்வுக்கு வரவில்லை என்று சொல்லப் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடியும் எடுத்தேன். அவளே டீ போட்டுக் கொடுத்தாள். "போகாதேடி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அவள் அன்பாக இருக்கும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

பிறகு கழிவுத் துணி மூட்டையைக் கட்டப் போனேன். மேலேயே அந்தக் கைகள் கிடந்தன. எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். இடம் வலம் மாறாமலிருக்க, கையின் பின்பக்க ஓரத்தில் கத்தரி நுனியால் இரண்டு சின்ன வெட்டு போடுவேன். தூக்கத்தில் வெட்டினாலும் போடுவேன். இவற்றில் இல்லை. அவள்தான் அதை "வெட்டி வேலை" என்பாள்.

கேட்டேன்.

"யார் வெட்டினா என்னடி? ஒரே கடைதானே? நீன்னா அவங்க மன்னிச்சு விட்டுடுவாங்க."

அப்ப இத்தனை வருஷமா நான் வாங்கின திட்டெல்லாம்? கோணலாப் போன அந்தத் திரைச்சீலை? அளவு தப்பின அந்த யூனிஃபார்ம்? எது என்னுது, எது அவளுது? யாரைக் கேக்கறது நான்?

மார்ச் 7, வெள்ளி

போனேன். கொடுத்த துணியை வெட்டினேன்.

மார்ச் 8, சனி

வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டியபோது அவள் கதவில் சாய்ந்து நின்றாள். "போ. நாலு நாள்ல திரும்பி வருவே." படியிறங்கும்போது அழுகை வந்தது. நின்று அழுதுவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் அவள் போன் செய்தாள். வக்கீலம்மாவின் கோட்டு மறுபடியும் சொதப்பிவிட்டதாம். "வந்து வெட்டிக் குடுத்துட்டுப் போடி. உன் கை மாதிரி வராது."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அங்கேயே கிடந்தேன்! நாக்கு நுனிவரை 'மன்னிச்சுக்கோ' வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வரலடி. கையோட பின்பக்கம் ரெண்டு சின்ன வெட்டு போடு, தப்பாது."

போனை வைத்துவிட்டு அடுத்த துணியை விரித்தேன்.